எக்ஸ்போர்ட்எஃப்எஸ்-ல் ரீகனெக்ட்_பாத்: அந்தப் பத்து வரை எண்ணும் கவுண்டர் ஏன் போனது?

வடிகால் எழுதியது:

வேலையில் எங்கள் தலையில் ஒரு பழைய ஸ்டோரேஜ் பெட்டியைக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே 3.10 லினக்ஸ் கர்னல், அதன் மேல் பல வருடமாக ஆளாளுக்கு ஒட்டிய பேட்ச்கள். கர்னலை மாற்ற அனுமதி இல்லை, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் மாட்யூலை (ஃபைல்சிஸ்டத்தை நெட்வொர்க்கில் பகிர உதவும் பகுதி) மட்டும் தொடலாம். சர்வர் ரீபூட் ஆகி வந்ததும் முதல் சில நிமிடங்கள் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிரும் முறை) கிளையன்ட்கள் மூச்சுத் திணறுகின்றன, அதைத் துரத்திக்கொண்டு போனால் எக்ஸ்பிஎஃப்எஸ்.சி கோப்பில் ரீகனெக்ட்_பாத் என்ற ஃபங்ஷனில் வந்து நிற்கிறேன். 3.13-ல் கர்னல் டெவலப்பர் ஜே. புரூஸ் ஃபீல்ட்ஸ் இதை அடியோடு திருத்தி எழுதியிருக்கிறார், சின்னச் சின்ன பேட்ச்களாக ஒரு வரிசை. அதில் ஒன்றின் தலைப்பிலேயே குவாட்ராட்டிக் (ஆழத்தின் வர்க்கமாக வேலை பெருகுவது) என்று இருக்கிறது.

கேள்வி இதுதான். அந்த ஒரு பேட்சை மட்டும் உருவி பேக்போர்ட் செய்யலாமா (பழைய கர்னலுக்குக் கொண்டுவரலாமா), வரிசை முழுவதையும் எடுக்க வேண்டுமா? இன்னொன்று, பழைய கோடில் நோப்ராக்ரஸ் என்று ஒரு கவுண்டர் பத்து வரை எண்ணிவிட்டுக் கைவிடுகிறது. புதிய கோடில் அது காணவே காணோம். பாதுகாப்புக்கு வைத்ததை எடுத்துவிட்டால் லூப் சுற்றிக்கொண்டே நிற்காதா?

பழைய_மவுண்ட் எழுதியது:

தம்பி, ஓடுகிற கோடைத் தொடாதே. அந்த ஃபங்ஷன் 2.6 காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பத்து முறை பார்த்துவிட்டு முடியவில்லை என்றால் ஈஸ்டேல் (ஹேண்டில் செல்லாது என்ற பிழை) திருப்புகிறது, கிளையன்ட் அழும், அட்மின் மறுபடி மவுண்ட் செய்வார், சரி. கவுண்டரை எடுத்துவிட்டு என்எஃப்எஸ்டி (என்எஃப்எஸ் சர்வர்) திரெட் ஒன்று கர்னலுக்குள் சுற்றிக்கொண்டே நின்றால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் போன் எடுப்பது?

கொக்கி எழுதியது:

பழைய_மவுண்ட் அண்ணே, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் பழைய கோடும் புதிய கோடும் என்ன செய்கின்றன என்று ஒரு முறை பார்த்துவிட்டு முடிவுக்கு வருவோம்.

கிளையன்டிடம் இருப்பது பாதை அல்ல, ஃபைல் ஹேண்டில். அதற்குள் பொதுவாக ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபைல்சிஸ்டம் வைத்திருக்கும் பதிவு) எண்ணும் ஜெனரேஷன் எண்ணும் இருக்கும். சர்வர் ரீபூட் ஆன பிறகு அந்த ஹேண்டில் வந்தால் ஃபைல்சிஸ்டம் ஐநோடை நேரடியாக எடுத்துவிடும், ஆனால் அதன் அப்பா யார், தாத்தா யார் என்று டென்ட்ரி (பெயரையும் மேல் டைரக்டரியையும் ஐநோடோடு சேர்த்து வைக்கும் பதிவு) கேஷுக்குத் தெரியாது. அதனால் பெற்றோர் இல்லாத ஒரு டென்ட்ரியை உருவாக்கி அதில் டிகேஷ்_டிஸ்கனெக்டட் என்ற ஃபிளாகை ஏற்றிவிடுகிறார்கள். அந்த டென்ட்ரியை ரூட் வரை கொண்டுபோய் இணைப்பதுதான் ரீகனெக்ட்_பாத்தின் வேலை. ஒவ்வொரு மட்டத்திலும் மூன்று காரியம்: கெட்_பேரன்ட் வழியாக மேல் டைரக்டரியைப் பிடி, கெட்_நேம் வழியாக அந்த டைரக்டரியில் நம் பெயர் என்ன என்று கண்டுபிடி, பிறகு அந்தப் பெயரை வைத்து வழக்கமான லுக்கப் (பெயர் தேடல்) செய். லுக்கப் செய்யும்போது தனியாகக் கிடந்த டென்ட்ரி அப்பாவோடு ஒட்டிக்கொள்ளும்.

பழைய கோடு ஒரு மட்டம் ஒட்டியதும் என்ன செய்தது தெரியுமா? மறுபடி டார்கெட் டைரக்டரிக்கே இறங்கி, அங்கிருந்து ஃபைண்ட்_டிஸ்கனெக்டட்_ரூட் வழியாக ஒவ்வொரு அப்பாவாக ஏறி, எங்கே அறுந்திருக்கிறது என்று தேடி, அங்கே அடுத்த ஒட்டு. கோபுரத்தில் ஒரு படி கட்டியதும் தரைக்கு இறங்கி, கட்டிய படிகளை எல்லாம் மறுபடி ஏறி வந்து அடுத்த படியைக் கட்டுவது மாதிரி. புதிய கோடு இறங்குவதே இல்லை. ரீகனெக்ட்_ஒன் என்ற ஃபங்ஷன் ஒரு மட்டத்தை ஒட்டிவிட்டு, பிடித்த அப்பாவைத் திருப்பித் தருகிறது, லூப் அந்த அப்பாவிலிருந்து மேலே தொடர்கிறது.

இப்படித் தொடரலாம் என்பதற்கு ஒரே ஒரு உண்மை போதும்: ஒரு டைரக்டரி டென்ட்ரி ஒரு முறை அப்பாவோடு சேர்ந்துவிட்டால் அது மறுபடி தனி ரூட் ஆகாது. ரீநேம் செய்தால் வேறு அப்பாவிடம் போகும், அழித்தாலும் பெற்றோர் பாயின்டர் அப்படியே இருக்கும். பழைய கோடு இந்த உண்மையை நம்பவில்லை, அதனால்தான் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து சரிபார்த்தது. கவுண்டரும் அதே அவநம்பிக்கையின் இன்னொரு வாரிசுதான். பத்து முறை சுற்றியும் முன்னேறவில்லை என்றால் கைவிடு என்று சொல்லிவிட்டு, அடைப்புக்குறிக்குள் இரண்டு முறையே போதும் என்று கமென்டில் எழுதி வைத்திருந்தார்கள். அப்படியானால் பத்து எங்கிருந்து வந்தது? யாரோ மனதுக்குப் பட்ட எண்.

புதுசு_2 எழுதியது:

ஒரு அடிப்படைச் சந்தேகம், திட்டாதீர்கள். ஐநோடு கையில் கிடைத்துவிட்டது, படிக்க எழுத அது போதும். ரூட் வரை ஏன் இணைக்க வேண்டும்? யாருக்கு அந்தப் பாதை தேவை?

கொக்கி எழுதியது:

சாதாரண ஃபைலுக்கு நீங்கள் சொல்வது சரி, அங்கே பெரும்பாலும் இணைப்பதும் இல்லை. டைரக்டரிக்குத்தான் கட்டாயம். காரணம் ரீநேம். ஒரு டைரக்டரியை அதன் பேரப்பிள்ளை டைரக்டரிக்குள்ளேயே நகர்த்தச் சொன்னால் கர்னல் மறுக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கிளை ரூட்டிலிருந்து அறுந்து தனக்குள்ளேயே வளையமாகிவிடும். யார் யாருக்கு மூதாதை என்று கர்னல் பார்ப்பது டென்ட்ரிகளின் அப்பா பாயின்டர்களை வைத்துத்தான். நடுவில் அறுந்து கிடந்தால் அந்தச் சோதனை பொய்யாகிவிடும். இரண்டாவது, எக்ஸ்போர்ட்டில் சப்ட்ரீ_செக் போட்டிருந்தால் இந்த ஃபைல் எக்ஸ்போர்ட் செய்த மரத்துக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்கவும் பாதை தேவை.

டிகேஷ்_தேவி எழுதியது:

கொக்கி சொன்னதில் ஒரு இடம் கொஞ்சம் மிகை. குவாட்ராட்டிக் என்றதும் எல்லோரும் மிரள்கிறோம், ஆனால் எது குவாட்ராட்டிக் என்று பாருங்கள். நூறு மட்ட ஆழத்தில் ஒரு டைரக்டரி, மேலே எதுவும் கேஷில் இல்லை. பழைய கோடில் அடியிலிருந்து ஏறும் படிகள் மொத்தம் 0+1+2+…+99, அதாவது 4950. அவை வெறும் பாயின்டர் தாவல், கூடவே ரெஃபரன்ஸ் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைப்பது. இன்றைய சிபியு அதைக் கண் இமைக்கும் முன் முடிக்கும். டிஸ்கைத் தொடும் வேலை, அதாவது கெட்_பேரன்ட், கெட்_நேம், லுக்கப் மூன்றும் பழையதிலும் நூறு முறைதான், புதியதிலும் நூறு முறைதான்.

ஆகவே வடிகால், உங்கள் கிளையன்ட்கள் திணறுவதற்கு இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. கெட்_நேமைப் பாருங்கள். ஃபைல்சிஸ்டம் சொந்தமாக ஒன்று எழுதித் தரவில்லை என்றால் எக்ஸ்போர்ட்எஃப்எஸ்-ன் பொது வடிவம் ஓடும், அது அப்பா டைரக்டரியைத் திறந்து முதல் என்ட்ரியிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போய் ஐநோடு எண் பொருந்தும் பெயரைத் தேடுகிறது. ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் இதுதான் நடக்கிறது. ஒரே டைரக்டரிக்குள் இரண்டு லட்சம் சப்டைரக்டரிகள் வைத்திருந்தால் ஒவ்வொரு ஹேண்டிலுக்கும் சராசரியாக ஒரு லட்சம் என்ட்ரி படிக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டம் இதில் தப்பித்துவிடுகிறது, ஐநோடிலிருந்து பெயருக்குத் திரும்பிப் போகும் குறிப்பு அதனிடம் இருக்கிறது, அதை வைத்துச் சொந்தமாக ஒரு கெட்_நேம் எழுதியிருக்கிறார்கள்.

பழைய_மவுண்ட் எழுதியது:

அதைத்தானே நானும் சொல்கிறேன். நூறு மட்டம் ஆழமாக யார் டைரக்டரி வைக்கிறார்கள்? 4950 தாவலை மிச்சம் பிடிக்க ஒரு ஃபங்ஷனையே உடைத்து எழுதுவதா? எழுதியவரே அந்தப் பேட்ச் குறிப்பில் நூறு மட்டத்துக்கு மேல் யாருக்கும் அவசியம் இருக்கும் என்று தோன்றவில்லை என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறார்.

டிகேஷ்_தேவி எழுதியது:

அடுத்த பாதியையும் சொல்லுங்கள் அண்ணே, துஷ்பிரயோகம் நடந்தால் சேதத்தைக் கட்டுப்படுத்தவாவது உதவும் என்றும் அதே குறிப்பில் இருக்கிறது.

அது சும்மா எழுதிய வரி அல்ல. பாத்_மேக்ஸ் 4096 பைட் என்பது ஒரு சிஸ்டம் காலுக்குள் கொடுக்கும் பாதை நீளத்துக்கான வரம்பு, மரத்தின் ஆழத்துக்கு அல்ல. ஒரு டைரக்டரி உருவாக்கி உள்ளே போ, இன்னொன்று உருவாக்கி உள்ளே போ என்று சின்ன பைத்தான் லூப் எழுதினால் லட்சம் மட்டம் வரை சாதாரண யூசரே போய்விடலாம், ரூட் உரிமை வேண்டாம். அப்போது பழைய கணக்கு என்ன? லட்சத்தின் வர்க்கத்தில் பாதி, சுமார் 500 கோடி தாவல், அத்தனையும் கர்னலுக்குள், ஒரே ஒரு ஹேண்டிலுக்கு. இதை நாலைந்து கிளையன்ட் சேர்ந்து செய்தால் சர்வரில் என்எஃப்எஸ்டி திரெட்கள் எல்லாம் அதிலேயே மாட்டும். புதிய கோடில் லட்சம் படியோடு முடிந்தது.

அதனால் வேகத்துக்காக இல்லை என்றாலும், பல பேர் பகிரும் சர்வர் என்றால் இந்தப் பேட்ச் வேண்டும் என்பதுதான் என் பக்கம்.

வடிகால் எழுதியது:

தேவி அக்கா, கெட்_நேம் சொன்னது நெற்றியில் அடித்த மாதிரி இருந்தது. எங்கள் பெட்டியில் ஈஎக்ஸ்டி4-தான், பேக்கப் மென்பொருள் ஒன்று ஒரே டைரக்டரிக்குக் கீழ் ஏகப்பட்ட சப்டைரக்டரி கொட்டி வைத்திருக்கிறது. பெர்ஃப் (நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் கருவி) போட்டுப் பார்த்தேன், நேரம் முழுக்க டைரக்டரி படிப்பதில்தான் கரைகிறது. ரீகனெக்ட் லூப் ஓரத்தில் கூட வரவில்லை.

ஆனாலும் கோடைப் புரிந்துகொள்ளாமல் விட மனசில்லை. கெட்_நேம் பெயர் கிடைக்கவில்லை என்று ஈநோஎன்ட் தந்தால் பழைய கோடு கன்டினியூ போட்டு மறுபடி சுற்றுகிறது. புதியதில் நேராக அவுட்_ரீகனெக்டட் என்ற லேபிளுக்குத் தாவுகிறது. பெயர் கிடைக்காத இடத்தில் "இணைந்துவிட்டது" என்று எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? இது தலைகீழாக இல்லையா?

கொக்கி எழுதியது:

இந்தத் திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கெட்_பேரன்ட் ஒரு அப்பாவைத் தந்தது. அந்த அப்பாவிடம் போய்த் தேடினால் நம் ஐநோடுக்குப் பெயர் இல்லை. ஏன்? இரண்டு காரியத்துக்கும் நடுவில் பூட்டு எதுவும் தொடர்ச்சியாகப் பிடித்திருக்கவில்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். ஒன்று, இடைவெளியில் யாரோ நம் டைரக்டரியை வேறு இடத்துக்கு ரீநேம் செய்துவிட்டார்கள். ரீநேம் செய்ய வேண்டுமானால் அவர்கள் முதலில் அதை லுக்கப் செய்திருக்க வேண்டும், லுக்கப் செய்தாலே அது ரூட் வரை இணைந்துவிட்டது என்று அர்த்தம். அதாவது நம் வேலையை எதிராளியே முடித்துக் கொடுத்துவிட்டார், இனி சுற்ற என்ன இருக்கிறது? இரண்டு, யாரோ அழித்துவிட்டார்கள். அழிக்கவும் லுக்கப் செய்தாக வேண்டும், ஆக அதுவும் இணைந்ததுதான். ஹேண்டில் திறக்கும், ஆனால் டைரக்டரி செத்த டைரக்டரி என்று குறிக்கப்பட்டிருப்பதால் மேற்கொண்டு செய்யும் வேலைகள் தோற்கும், அது சரியான நடத்தைதான். மூன்று, போட்டி எதுவும் நடக்கவில்லை, ஃபைல்சிஸ்டமே கெட்டுப்போய் நம்மை வைத்திராத ஒரு டைரக்டரியை அப்பா என்று காட்டுகிறது.

முதல் இரண்டிலும் மறுபடி முயல்வது வீண். மூன்றாவதில் எத்தனை முறை முயன்றாலும் அதே பதில்தான், பழைய கோடு பத்து முறை மோதிவிட்டுத்தான் அதை ஒப்புக்கொண்டது. புதிய கோடு அந்த லேபிளில் டென்ட்ரி_கனெக்டட் என்று ஒரு சோதனை வைத்திருக்கிறது, நிஜமாகவே ரூட் வரை போகிறதா என்று ஒரு முறை ஏறிப் பார்க்கும், போகவில்லை என்றால் ஈஸ்டேல். லுக்கப் செய்து வேறு டென்ட்ரி கையில் கிடைத்தாலும் இதே கதைதான், அதே லேபிள்.

கவுண்டர் எப்படிப் போனது என்பதற்கும் இதுவே பதில். ரேஸ் (நடுவில் இன்னொருவர் ரீநேம் செய்வதோ அழிப்பதோ) நடந்தால் மறுபடி முயலாதே என்ற பேட்ச் உள்ளே வந்த பிறகு, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் நோப்ராக்ரஸ் பூஜ்யமாக்கப்பட்டுவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று முன்னேற்றம், இல்லையென்றால் வெளியே. பத்தைத் தொடவே வழியில்லாத கவுண்டர் எதற்கு? அடுத்த பேட்சில் எடுத்துவிட்டார்கள். பழைய_மவுண்ட் அண்ணே, உங்கள் ராத்திரி இரண்டு மணி போனுக்கும் இதுதான் பதில்: லூப் ஒன்று மேலே ஏறும், அல்லது வெளியே வரும், நடுவில் நிற்க இடமில்லை.

பழைய_மவுண்ட் எழுதியது:

சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். விளக்கம் கோடை விட நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த பக்_ஆன்? பழைய கோடில் ஃபைல்சிஸ்டம் ரூட்டே டிஸ்கனெக்டட் ஃபிளாகோடு மாட்டினால் "ஈக்" என்ற சொல்லோடு ஒரு மெசேஜை லாகில் அலறிவிட்டு, ஃபிளாகை இறக்கிவிட்டு, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதியதில் பக்_ஆன், அதாவது கர்னல் அங்கேயே விழும். டேட்டா கெடாத ஒரு குழப்பத்துக்கு ஒரு ஃபைல் சர்வரைச் சாய்ப்பது என்ன நியாயம்? லினக்ஸை உருவாக்கிய லினஸே பக்_ஆன் போடாதீர்கள் என்று எத்தனை முறை கத்தியிருக்கிறார்.

டிகேஷ்_தேவி எழுதியது:

இதில் நான் பழைய_மவுண்ட் பக்கம். வார்ன்_ஆன்_ஒன்ஸ் (ஒரு முறை எச்சரித்துவிட்டுத் தொடர்வது) போட்டு ஈஸ்டேல் திருப்பியிருந்தால் போதும். அதுவும் 3.10 பெட்டியில் இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. அந்தக் காலத்தில் டி_அப்டெயின்_ஏலியஸ் என்ற ஃபங்ஷனை வைத்து மவுண்ட்டின் ரூட் டென்ட்ரியை எடுத்த இடங்கள் இருந்தன, பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் ஒரு உதாரணம். அந்த ஃபங்ஷன் டிஸ்கனெக்டட் ஃபிளாகை ஏற்றித்தான் தரும். ரூட்டுக்கு அந்த ஃபிளாக் பொருந்தாது என்று பிறகுதான் டி_அப்டெயின்_ரூட் என்று தனியாகப் பிரித்தார்கள். வடிகால், பேக்போர்ட் செய்கிறீர்கள் என்றால் அந்த ஒரு வரியை மென்மையாக்கிவிடுங்கள்.

ஃபிளாக் பற்றி இன்னொன்றும் பாருங்கள். ஒரு டென்ட்ரி அப்பாவோடு ஒட்டியதும் டிஸ்கனெக்டட் ஃபிளாகை இறக்கிவிடக் கூடாது, அப்பாவே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ரூட் வரை சேர்ந்தது உறுதியான பிறகுதான் இறக்க வேண்டும். டிகேஷ் (டென்ட்ரி கேஷ்) பக்கத்தில் இதை அவசரப்பட்டு இறக்கிய ஒரு இடத்தையும் ஃபீல்ட்ஸ் தனியாக ஒரு பேட்சில் சரிசெய்திருக்கிறார். உங்கள் மரத்தில் அது இல்லையென்றால் மாட்யூலை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் பயனில்லை, ஃபிளாக் ஏற்கெனவே பொய் சொல்லியிருக்கும், ரீகனெக்ட்_பாத்தைக் கூப்பிடவே மாட்டார்கள்.

கொக்கி எழுதியது:

வடிகாலின் முதல் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். குவாட்ராட்டிக் பேட்சை மட்டும் உருவ முடியாது. ரீகனெக்ட்_ஒன் தனி ஃபங்ஷனாகப் பிரிந்திருந்தால்தான் அது அப்பாவைத் திருப்பித் தர முடியும், அதைப் பிரிப்பதற்கு முன் கவுண்டர் போயிருக்க வேண்டும், கவுண்டர் போவதற்கு முன் மறுமுயற்சி நின்றிருக்க வேண்டும். அந்த வரிசை யோசித்துப் போட்டது. கோடை இடம் மாற்றும் பேட்ச் நடத்தையை மாற்றாது, நடத்தையை மாற்றும் பேட்ச் கோடை இடம் மாற்றாது. ரிவ்யூ செய்பவர் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சரிபார்க்க வேண்டியிருக்கும். நம் ஊர் ஆபீஸ்களில் "ரீஃபாக்டரிங்" என்று ஆயிரம் வரி டிஃபை ஒரே கமிட்டில் தள்ளுகிறார்களே, அவர்களுக்கு இதைக் காட்டலாம். பேக்போர்ட்டிலும் அதே வரிசையில், தனித்தனி கமிட்டாக வையுங்கள், ஒன்றாகப் பிசையாதீர்கள்.

புதுசு_2 எழுதியது:

இதை வீட்டில் சோதித்துப் பார்க்க என்எஃப்எஸ் சர்வர் வைக்க வேண்டுமா? நான் நேம்_டு_ஹேண்டில்_அட் வழியாக ஒரு ஃபைலின் ஹேண்டிலை எடுத்து வைத்து, கேஷைக் காலி செய்து, ஓபன்_பை_ஹேண்டில்_அட் வழியாகத் திறந்து பார்த்தேன். ரீகனெக்ட்_பாத் கூப்பிடப்படுவதாகவே ட்ரேஸில் தெரியவில்லை.

கொக்கி எழுதியது:

சர்வர் வேண்டாம், 2.6.39-ல் வந்த அந்த இரண்டு சிஸ்டம் கால்களும் இதே எக்ஸ்போர்ட்எஃப்எஸ் வழியில்தான் போகின்றன. ஆனால் நீங்கள் ஃபைல் ஹேண்டிலை எடுத்திருக்கிறீர்கள். ஃபைலுக்கு, கிடைத்த டென்ட்ரியை ஏற்றுக்கொள்ளலாமா என்று ஒரு கால்பேக்கைக் கேட்பார்கள், இந்த சிஸ்டம் காலின் கால்பேக் அந்த நாளில் எதைக் கொடுத்தாலும் சரி என்றுதான் சொல்லும். நோ_சப்ட்ரீ_செக் போட்ட என்எஃப்எஸ் எக்ஸ்போர்ட்டும் அப்படியே. ஆகவே இணைக்கும் வேலையே நடக்காது. டைரக்டரியின் ஹேண்டிலை எடுங்கள். திறக்கும்போது கேப்_டேக்_ரீட்_சர்ச் உரிமை வேண்டும். கேஷைக் காலி செய்ய டிராப்_கேஷஸ்-ல் 2 எழுதுங்கள், அதற்கு முன் எந்த ஷெல்லும் அந்த மரத்துக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது, இருந்தால் மேலே உள்ள டென்ட்ரிகள் எல்லாம் பிடிபட்டு நிற்கும், காலி ஆகாது. எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற ஃபைல்சிஸ்டம் சோதனைத் தொகுப்பில் ஜெனரிக்/467 இதைத்தான் செய்கிறது, அதையும் ஓட்டிப் பாருங்கள்.

வடிகால் எழுதியது:

வரிசை முழுவதையும் எடுத்து வைத்துவிட்டேன், பக்_ஆன் இருந்த இடத்தில் வார்ன்_ஆன்_ஒன்ஸ் போட்டு ஈஸ்டேல் திருப்புகிறேன். டிகேஷ் பேட்ச் எங்கள் மரத்தில் இல்லை, அது மாட்யூலுக்கு வெளியே என்பதால் மேலிடத்தில் தனி அனுமதி கேட்க வேண்டும், கேட்டிருக்கிறேன். ஆழமான மரத்தைப் பைத்தானில் உருவாக்கி அடி டைரக்டரியின் ஹேண்டிலைத் திறந்ததில் பழைய மாட்யூல் கண்ணுக்குத் தெரிகிற அளவு திணறியது, புதியது திணறவில்லை.

ரீபூட் பிரச்சினை அப்படியே இருக்கிறது, தேவி அக்கா சொன்னபடி அது கெட்_நேம் கணக்கு. பேக்கப் டீமிடம் அந்த டைரக்டரியை இரண்டு எழுத்து முன்னொட்டு வைத்து உட்பிரிவாக உடைக்கச் சொல்லி மெயில் போட்டேன். அடுத்த ரிலீஸில் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது.

பழைய_மவுண்ட் எழுதியது:

அடுத்த ரிலீஸா? அப்படியென்றால் அந்த மெயிலைப் பத்திரமாக வைத்துக்கொள் தம்பி. அப்புறம் அந்த டிகேஷ் பேட்சோடு வார்ன்_ஆன் மாற்றத்தையும் இங்கே போடு, நானும் ஒரு பழைய பெட்டி வைத்திருக்கிறேன்.